எந்த மோட்டார்?



பள்ளி விடுமுறையில் நிறைய எழுதுவேன் என்று சொல்லிவிட்டு இரண்டு மாதங்கள் காணாமற் போய்விட்டேன். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு சக்கரத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். தரையில் உருளும் சக்கரம் அன்று. விளிம்பில் பல் வெட்டப்பட்டு, அதன்மேல் சங்கிலி ஓடும் சக்கரம். மிதிவண்டியின் பின்சக்கரத்து நடுவிலும், மோட்டார் சைக்கிளின் இடப்புறத்திலும் நாள்தோறும் நாம் பார்ப்பதுதான். நம் ஊர்ப் பட்டறைகளில் அதற்கு 'ஸ்பொக்கெட்' என்று பெயர். மலாய்ப் பாடநூல்களில் 'கெகஞ்சு' என்றொரு நல்ல சொல் உண்டு. ஆனால் பட்டறையில் அதைச் சொன்னால் மலாய்க்கார இளைஞர்களே நம்மை ஏற இறங்கப் பார்க்கின்றனர்.

தமிழில் என்னவென்று சொல்வது? 'பற்சக்கரம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கியருக்கும் அதே சொல்தான். இது எனக்கு நெடுநாளாகவே உறுத்தல். கியர் இன்னொரு கியரோடு பல்லோடு பல் கோத்து ஓடுவது. ஒன்று வலமாகச் சுழன்றால் மற்றது இடமாகச் சுழலும். ஸ்பொக்கெட் மற்றொரு ஸ்பொக்கெட்டைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் இடையில் சங்கிலி ஓடுகிறது. இரண்டும் ஒரே திசையில் சுழல்கின்றன. செயலே வேறாக இருக்கும்போது பெயர் மட்டும் ஒன்றாக இருக்கலாமா? முன்னதைப் 'பல்லிணை' என்றும் பின்னதைச் 'சங்கிலிச் சக்கரம்' என்றும் நான் வகுப்பில் சொல்லி வருகிறேன். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்வேன்.

சரி, கதைக்கு வருகிறேன்.

வீட்டுப் பின்புறத்தில் ஒரு சிறு கார்ட் வண்டி கட்டத் தொடங்கினேன். என் இளைய மகன் கேட்டான் என்பது வெளிக்காரணம். சிறுவயதில் தோட்டத்து மண்மேட்டில் பழைய பேரிங்குகளைப் பூட்டிய பலகை வண்டியில் உருண்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டவன், நாற்பது வயதைக் கடந்த பின்னும் அந்த ஆசை தீராமல் இருந்தான் என்பது உள்காரணம். சதுரக் குழாய்களைப் பற்றவைத்து சட்டம் கட்டினேன். பந்தயத் திடலில் தேய்ந்து கழித்த 11 அங்குல டயர்கள் நான்கு கிடைத்தன. காய்கறித் தோட்டக்காரர் ஒருவரிடம் நீரிறைத்துக்கொண்டிருந்த 163 சிசி பெட்ரோல் என்ஜினை 250 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். நிமிடத்துக்கு 3600 சுற்றுக்குமேல் போகாதபடி வேகக்கட்டுப்பாடு உள்ள என்ஜின். எல்லாம் மூன்று வாரத்தில் முடிந்தன. பின்னச்சில் பூட்டவேண்டிய சங்கிலிச் சக்கரத்துக்கு மட்டும் நான்கு மாதங்கள் ஆயின.

ஏன் அவ்வளவு அருமை என்பதைக் கணக்கால் விளக்க வேண்டும். கணக்கென்றதும் ஓடிவிடாதீர்கள்; ஆறாம் ஆண்டு மாணவன் போடும் கணக்குத்தான்.

11 அங்குல டயரின் விட்டம் 279 மில்லிமீட்டர். ஒரு சுற்றுக்கு அது ஏறக்குறைய 0.878 மீட்டர் உருளும். என்ஜின் 3600 சுற்றுச் சுற்றும்போது டயரும் 3600 சுற்றுச் சுற்றினால் வண்டி மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் ஓட வேண்டும்! ஓடாது, இடத்தைவிட்டு நகரவே அந்தச் சிறு என்ஜினுக்கு வலு போதாது. ஆகவே வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்ட வேண்டும். ஆறில் ஒரு பங்காகக் குறைத்தால் மணிக்கு 31 அல்லது 32 கிலோமீட்டர் வரும். முன்னால் 12 பல், பின்னால் 72 பல். எனக்குக் கிடைத்த வரைபடத்திலும் அப்படித்தான் இருந்தது. கண்ணிக்குக் கண்ணி எட்டில் மூன்று அங்குல இடைவெளியுள்ள சங்கிலிக்கு ஏற்ற 72 பல் சக்கரம்.

நம் நாட்டுக் கப்சாய் மோட்டார்களில் ஓடும் சங்கிலி எது? அரை அங்குல இடைவெளி. '420', '428' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணுக்கும் பொருளுண்டு. முதலில் உள்ள 4 என்பது எட்டில் நான்கு அங்குலம், அதாவது அரை அங்குலம். பின்னுள்ள இரண்டு இலக்கங்கள் அகலத்தைக் குறிப்பன. 420-இன் உள்ளகலம் கால் அங்குலம்; 428 அதனினும் சற்று அகலமானது. அரை அங்குலச் சங்கிலிக்கு 72 பல் வெட்டினால் சக்கரத்தின் விட்டம் 291 மில்லிமீட்டர் ஆகிவிடும். டயரோ 279! சங்கிலிச் சக்கரம் டயரைவிடப் பெரிதாகித் தரையை உழும். எட்டில் மூன்று அங்குலச் சங்கிலி என்றால் 218 மில்லிமீட்டரில் அடங்கிவிடும். ஆக, எனக்கு எது பொருந்துமோ அது நம் ஊரில் இல்லை; நம் ஊரில் எது மலிந்து கிடக்கிறதோ அது எனக்குப் பொருந்தாது.

ஈப்போவிலும் சுற்றுவட்டாரத்திலும் மோட்டார் உதிரிபாகக் கடைகள் ஒன்றையும் விடவில்லை. எல்லாக் கடைகளிலும் முதற் கேள்வி ஒன்றே: "மோட்டோர் ஆப்பா?" எந்த மோட்டார்? தமிழ் இளைஞர் நடத்தும் கடையிலும் அதே கேள்வி: "எந்த மோட்டாருக்குண்ணே?" மோட்டாருக்கு இல்லை, நானே கட்டும் வண்டிக்கு என்பேன். எட்டில் மூன்று அங்குல இடைவெளி, 72 பல், நடுத்துளை இவ்வளவு என்று எழுதிக்கொண்டுபோன தாளை நீட்டுவேன். தாளை வாங்கிப் பார்ப்பார்கள், திருப்பித் தருவார்கள், மீண்டும், "அது சரிண்ணே, எந்த மோட்டாருக்கு?"

அவர்களைக் குறை சொல்லவில்லை. கடையின் அடுக்குகள் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. வண்டியின் பெயரைச் சொன்னால் பெட்டி இறங்கும். பெயரில்லாத பொருள் அங்கே இல்லாத பொருள். நாள் முழுதும் சங்கிலிச் சக்கரங்களை விற்பவருக்குக்கூட அதன் அளவு தெரிய வேண்டிய தேவை வந்ததில்லை. பெயரே அளவாகிவிட்டது.

இதை எண்ணிச் சிரித்துக்கொண்டே வீடு திரும்பியவன், அதே தவற்றை நானும் செய்தேன் என்பதை மறைக்கக்கூடாது. இணையத்தில் தேடினேன். 'கோ-கார்ட் பின்சக்கரம், 72 பல்' என்று படத்தோடு ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். கார்ட் என்று இருக்கிறது, 72 என்று இருக்கிறது, வேறென்ன வேண்டும்? பணத்தைக் கட்டிவிட்டு ஐந்து வாரம் காத்திருந்தேன். வந்தது அழகான அலுமினியச் சக்கரம். சரியாக 72 பல். ஆனால் அது பந்தயக் கார்ட்டுகளின் '219' சங்கிலிக்கு உரியது. அதன் கண்ணி இடைவெளி 7.774 மில்லிமீட்டர், எனக்கு வேண்டியது 9.525. விற்றவர் பொய் சொல்லவில்லை. நான்தான் இடைவெளி என்னவென்று கேட்கவில்லை. பெயரைப் பார்த்து வாங்கினேன். அந்தச் சக்கரம் இப்போது எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் கடிகாரமாகத் தொங்குகிறது. துணைவியார் செய்த ஏற்பாடு. மணி பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாடம்.

அந்த வாரத்தில்தான் அப்பாவின் நினைவு வந்தது.

அப்பா கீழ்ப் பேராக்கில் ஒரு செம்பனை ஆலையில் பிட்டராக இருந்தவர். ஆலையில் பழக்குலைகளையும் சக்கையையும் இழுத்துச் செல்லும் பெருஞ்சங்கிலிகள் உண்டு. கண்ணிக்குக் கண்ணி நான்கு அங்குலம், ஆறு அங்குலம் இருக்கும். பல் தேய்ந்த சக்கரத்தை மாற்ற வேண்டுமானால் அப்பா சிகரெட் பெட்டி அட்டையைப் பிரித்து, எண்ணெய் படிந்த பல்லின்மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி அச்செடுப்பார். அந்த அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெலுக் இந்தானுக்குப் பேருந்து ஏறுவார். எந்த ஆலை, எந்த நிறுவனத்துப் பொறி என்று அவரிடம் எவரும் கேட்டதாக நான் கேட்டதில்லை. அட்டையைக் காட்டுவார்; அளவு பேசும்.

அந்த அட்டைகள் எங்கள் வீட்டில் எங்கும் கிடக்கும். என் கணக்குப் புத்தகத்தினுள்ளும் கிடக்கும். எண்ணெய்க் கறை படிந்துவிட்டது என்று நான் அழுததும் உண்டு. பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்தபோது, உடன் பயின்றவர்கள் தந்தையின் தொழிலைக் கேட்டால், "ஆலையில் மேற்பார்வை" என்பேன். அப்பாவுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். "உன் கையில எண்ணெய் படக்கூடாதுப்பா" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவரே அவர்தான். 2011-இல் மறைந்தார். இப்போது என் கையில் எண்ணெய் படிகிறது. கேட்க அவர் இல்லை.

நம் சமூகத்தில் இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. ஆலைகளிலும் இரயில்வேயிலும் தோட்டத்துப் பட்டறைகளிலும் பிட்டராகவும் கொல்லராகவும் கடைசல்காரராகவும் இருந்த ஒரு தலைமுறை, தன் பிள்ளைகளுக்குத் தன் தொழிலை வேண்டுமென்றே கற்பிக்கவில்லை. அது அன்பினால் செய்த செயல். ஆயினும் இழப்பு இழப்புதான்.

இனிப் பள்ளிக்கு வருகிறேன். பலருக்கு வருத்தம் ஏற்படலாம், ஏற்படட்டும்.

2014 முதல் தொடக்கப்பள்ளிகளில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்னும் பாடம் நான்காம் ஆண்டிலிருந்து நுழைந்தது. நல்ல நோக்கத்தோடு வந்த பாடம். நடப்பது என்ன? பாகங்களின் படத்துக்கு வண்ணம் தீட்டுகிறோம். பெயர் எழுதச் சொல்கிறோம். பிறகு ஒரு பெட்டி வருகிறது. பெட்டிக்குள் எல்லாப் பாகங்களும் எண்ணிப் போடப்பட்டிருக்கின்றன; ஒவ்வொரு துளைக்கும் ஒரு திருகாணி, ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு துளை. எதுவும் மிஞ்சாது, எதுவும் குறையாது. பூட்டி முடித்தால் ஓடும். போட்டிக்குக் கொண்டுபோவோம், பரிசும் வாங்குவோம், செய்தித்தாளில் படமும் வரும். பிள்ளைகளின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் பெட்டியில் இல்லாத ஒன்று உண்டு: தேடல். பொருந்தாத பொருள் ஒன்றேனும் அந்தப் பெட்டியில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். உண்மையான பட்டறையில் எதுவும் முதல்முறை பொருந்துவதில்லை.

யூபிஎஸ்ஆர் தேர்வுதான் இதற்கெல்லாம் தடை என்று முன்பு சொல்லிவந்தோம். நானும் ஆசிரியர் கூட்டங்களில் அப்படிப் பேசியவன்தான். 2019-இல் கடைசித் தேர்வு நடந்தது. 2021-இல் தேர்வையே எடுத்துவிட்டார்கள். தடை போயிற்று. நாம் மாறினோமா? நேற்றைய பயிற்றிகளின் அட்டை மட்டுமே மாறியிருக்கிறது. பழக்கத்துக்குத் தேர்வு தேவையில்லை. அது தன் காலிலேயே நடக்கும்.

அறையில் உடனிருக்கும் ஆசிரியர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "முப்பத்தைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு சக்கரம் தேடக் கடைகடையாக ஏறச் சொல்கிறீர்களா? ஒரு பிள்ளைக்கு விரலில் அடிபட்டால் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது?" நியாயமான கேள்வி. என் மகன் ஓடிக்கொண்டிருந்த என்ஜினின் புகைபோக்கியில் காலைச் சுட்டுக்கொண்டு இரண்டு வாரம் நொண்டினான். வீட்டில் நான் வாங்கிய பேச்சு இன்னும் முடியவில்லை. புகைபோக்கிக்கும் சங்கிலிக்கும் உறை போடாமல் என்ஜினை இயக்கியது என் மடமை. ஆகவே பாதுகாப்பைப் பற்றிப் பேசுபவரைக் கோழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேடலுக்கு என்ஜினும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். ஒரு பழைய மிதிவண்டிச் சங்கிலி, ஓர் அளவுகோல், எண்ணிப் பார்க்க ஒரு சக்கரம். அதுகூட இல்லாத பள்ளி இருக்கிறதா?

நான் செய்ததைச் சொல்கிறேன். ஆறாம் ஆண்டில் விகிதம் நடத்திக்கொண்டிருந்த நாளில், என் சிக்கலை அப்படியே பலகையில் எழுதிப்போட்டேன். பின்னால் 72 பல் கிடைக்கவில்லை. கடைகளில் கிடைப்பவை 34, 36 பல் அளவில்தான். முன்னால் கிளட்ச்சில் 10 பல் உண்டு. 34-ஐ 10-ஆல் வகுத்தால் 3.4 மடங்குதான் குறையும். வண்டி மணிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டருக்குமேல் ஓடப் பார்க்கும். எனக்கு ஆறு மடங்காவது குறைய வேண்டும். என்ன செய்யலாம்?

வகுப்பில் அமைதி. முன்வரிசைப் பிள்ளைகள், "பெரிய சக்கரம் ஆர்டர் பண்ணலாம் சார்" என்றனர். பண்ணிப் பார்த்தேன் என்று சமையலறைக் கடிகாரத்தின் கதையைச் சொன்னேன். பின்வரிசையில், கணக்கில் நாற்பது புள்ளிகளைத் தாண்டாத ஒரு பையன் கையைத் தூக்காமலே சொன்னான்: "சார், அதையே ரெண்டு தடவ குறைச்சா?"

எப்படி என்றேன். எழுந்து வந்தான். நடுவில் ஒரு தண்டு வரைந்தான். என்ஜினிலிருந்து அந்தத் தண்டுக்கு ஒரு சங்கிலி. தண்டின் மறுபக்கத்திலிருந்து பின்னச்சுக்கு இன்னொரு சங்கிலி. "இங்க கொஞ்சம் குறையும், அங்க கொஞ்சம் குறையும்." 24-ஆல் வகுக்க முடியாதவன் 4-ஆல் வகுத்துப் பின் 6-ஆல் வகுப்பதுபோல். அவன் தந்தை செம்மண் லோரி ஓட்டுநர்; லோரியின் அடியில் படுத்து எதையோ பார்த்திருக்கிறான் என்று பிறகு அறிந்தேன்.

மற்றவர்கள் கணக்கிட்டார்கள். 34-ஐ 10-ஆல் வகுத்தால் 3.4. நடுத்தண்டின் மறுபக்கத்தில் 15 பல் வைத்து, பின்னச்சில் மீண்டும் 34 பல் வைத்தால் 2.27. இரண்டையும் பெருக்கினால் 7.7 மடங்கு. வேகம் மணிக்கு 24.6 கிலோமீட்டர். பிள்ளைகள் ஓட்டும் வண்டிக்கு அது தாராளம். 34 பல் சக்கரத்தின் விட்டமோ 138 மில்லிமீட்டருக்குள். தரைக்கும் சக்கரத்துக்கும் இடையில் உள்ளங்கை நுழையும். கிடைக்காத ஒன்றைத் தேடி நான்கு மாதம் அலைந்தேன். கிடைக்கும் இரண்டை வைத்துக் காரியம் முடிந்தது.

இந்த இடத்தில், அன்றுமுதல் அந்தப் பையன் கணிதத்தில் சிறந்து விளங்கினான் என்று எழுதினால் படிப்பதற்கு நன்றாக இருக்கும். அடுத்த தேர்வில் அவனுக்கு நாற்பத்திரண்டு. நடுத்தண்டைப் பற்றி வினாத்தாளில் கேள்வி இல்லை.

நடுத்தண்டை யார் செய்து தருவது? மெங்லெம்புவில் ஒரு கடைசல் பட்டறை இருக்கிறது என்று பேரிங் விற்கும் கடையில் சொன்னார்கள். எழுபது வயதைக் கடந்த சீனப் பெரியவர். ஈயச் சுரங்கங்கள் ஓகோவென்று இருந்த நாளில் சுரங்கப் பொறிகளுக்குப் பாகம் செய்யும் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். 1985-இல் ஈய விலை வீழ்ந்து கிந்தா பள்ளத்தாக்கே படுத்துவிட்ட பின், செம்பனை ஆலைகளுக்குப் பாகம் செய்து பிழைத்தவர். அப்பா அட்டையைக் கொண்டுபோய்க் காட்டியதும் இப்படிப்பட்ட ஒருவரிடமாகத்தான் இருக்க வேண்டும்.

நான் வாயைத் திறக்குமுன் "மோட்டோர் ஆப்பா" வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "சிக்கு, சங்கிலி எங்கே?" என்றார் மலாயில். கொடுத்தேன். அளவுகருவியை எடுத்து மூன்று இடங்களில் பிடித்தார்: கண்ணிக்குக் கண்ணி, உருளையின் கனம், உள்ளகலம். இடைவெளி ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது என்று விளக்கினார். அமெரிக்க முறையில் எட்டில் மூன்று அங்குலச் சங்கிலியும் ஐரோப்பிய முறையில் அதே எட்டில் மூன்று அங்குலச் சங்கிலியும் ஒன்றல்லவாம். முன்னதில் பல்லின்மேல் அமரும் பகுதி 5.08 மில்லிமீட்டர் கனம், பின்னதில் 6.35. ஒன்றின் சக்கரத்தில் மற்றது உட்காராது. நான் முதலில் தேடிய 72 பல் சக்கரம் கிடைத்திருந்தாலும், ஈப்போ கடையில் வாங்கும் சங்கிலி அதில் பொருந்தாமற் போயிருக்கக்கூடும். நல்லவேளை கிடைக்கவில்லை.

கிளட்ச்சிலும் ஒரு வில்லங்கம் இருந்தது. 20 மில்லிமீட்டர் தண்டுக்கு என்று கேட்டு வாங்கியது. வந்ததோ முக்கால் அங்குலத் துளை, 19.05 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வேறுபாடு. சுத்தியலால் தட்டினால் ஏறிவிடும் என்று ஒரு நண்பர் ஆலோசனை சொன்னார். பெரியவர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, கடைசல் பொறியில் பிடித்து இருபது நிமிடத்தில் துளையைப் பெரிதாக்கினார். மோட்டாரின் 15 பல் சக்கரத்தின் நடுவிலுள்ள வரிப்பற்களையும் கடைந்து நீக்கி, எஃகுக் குழல் ஒன்றைச் செருகிப் பற்றவைத்தார். 34 பல் சக்கரம் இரண்டுக்கும் நான்கு துளையிட்ட தட்டுகள் கடைந்தார். எல்லாவற்றுக்கும் 180 ரிங்கிட். பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

அவருடைய பட்டறையில் உதவிக்கு ஓர் ஆள்கூட இல்லை. பிள்ளைகள் இருவரும் கோலாலம்பூரில் கணக்காய்வாளர்கள். அடுத்த சீனப் புத்தாண்டோடு கதவைச் சாத்திவிடப் போவதாகச் சொன்னார். சொல்லும்போது வருத்தம் எதுவும் தெரியவில்லை. எனக்குத்தான் தெரிந்தது. நம்மவர்கள் மட்டும்தான் தொழிலைக் கைவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

முன்பொருமுறை மாணவர்களைத் தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் ஈயக் கப்பலைப் பார்க்க அழைத்துச் சென்றிருக்கிறேன். 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை இயங்கியது. 4,500 டன் எடை. வாளிகளைக் கோத்த முடிவில்லாச் சங்கிலி ஒன்று நீருக்கடியில் இறங்கி மண்ணை அள்ளிக்கொண்டு மேலேறும். அன்று நான் பிள்ளைகளுக்கு எடை, ஆண்டு, நீளம் எல்லாம் குறிப்பெடுக்கச் சொன்னேன். அந்தச் சங்கிலியைச் சுழற்றும் சக்கரம் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொல்லவில்லை. நானே பார்க்கவில்லை! எங்கள் கார்ட் வண்டியில் ஓடுவதும் அங்கே ஓடியதும் அடிப்படையில் ஒன்றுதான். ஆன்ஸ் ரெனோல்டு என்பவர் மான்செஸ்டரில் 1880-இல் உருளைச் சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். மிதிவண்டியிலும் மோட்டாரிலும் இன்று நாம் காண்பது அந்த வகைதான். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக இப்பொருள் பெரிதாக மாறவில்லை என்பதே இதைப் பள்ளியில் நடத்துவதற்கு நல்ல காரணம். இந்த ஆண்டு வாங்கிய மென்பொருளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா?

வண்டி ஓடுகிறது. சாலையில் அன்று, பதிவில்லாத வண்டியைச் சாலையில் இறக்குவது 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிட்டேன். நண்பர் ஒருவரின் மூடப்பட்ட கிடங்கு வளாகத்தில், அவர் ஒப்புதலோடு, தலைக்கவசம் அணிந்து ஓட்டுகிறோம். இரண்டு சங்கிலிகளுக்கும் தகட்டு உறை போட்டாயிற்று, புகைபோக்கிக்கும்தான். மணிக்கு 24.6 கிலோமீட்டர் என்று கணக்கிட்ட மாணவிக்கு அது உண்மையா என்று ஐயம். ஐம்பது மீட்டர் அளந்து கோடு கிழித்து, கைக்கடிகாரத்தோடு நின்றாள். ஏழரை வினாடி. 24 கிலோமீட்டர். மீதி எங்கே போயிற்று என்று என்னைக் கேட்டாள். டயரில் காற்றுக் குறைந்தால் விட்டம் குறையும் என்றேன். என் எடையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதைச் சொல்லவில்லை.

புதுச் சங்கிலி ஓட ஓடக் கொஞ்சம் தொய்யும். பின்சங்கிலி இப்போது தொய்ந்து உறையில் உரசுகிறது. நடுத்தண்டை நகர்த்தக் காடி போதவில்லை. ஒரு முழு இணையைக் கழற்றினால் இறுகிவிடும். அரைக் கண்ணி ஒன்று போட்டால் சரியாகும் என்று நினைக்கிறேன். மோட்டார் கடைக்குப் போனால் எந்த மோட்டார் என்பார்கள். அதனால் சங்கிலியைப் பயிற்சிப் புத்தகத் தாளின்மேல் வைத்து அழுத்தி அச்செடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மெங்லெம்புவுக்குப் போகிறேன். பின்வரிசைப் பையனையும் உடன் அழைத்துப் போகலாமா என்று அவன் தாயாரைத் தொலைபேசியில் கேட்டேன். கடைசல் பட்டறை என்றால் என்னவென்று நான் விளக்கத் தொடங்குவதற்குள், "எத்தனை மணிக்கு அனுப்பணும் சார்?" என்றார்.